மாத்திரை வீடு தேடி வருகிறது, அழுத்தம் இறங்குகிறதா?

2024 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இரண்டு கோடியாவது பயனாளிக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மருந்துப் பெட்டகம் வழங்கினார். அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்ப் பணிக்குழு இத்திட்டத்துக்கு விருதும் அளித்தது. இரண்டும் பெருமைப்படத் தக்க செய்திகள்தான். ஆனால், மேடைகளில் அதிகம் ஒலிக்காத இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2020-ல் மாநிலம் தழுவி நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வின்படி, 18 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. அடுத்த சுற்று ஆய்வில் அந்த 7.3 சதவீதம் 17 ஆக உயர்ந்தது.

இரு மடங்குக்கு மேல் உயர்வு. சில ஆண்டுகளுக்குள் நடந்தது. இதைக் குறைத்துப் பேச முடியாது. அதே சமயம், நூறு நோயாளிகளில் எண்பத்து மூன்று பேரின் ரத்தக்குழாய்கள் இன்னும் ஒவ்வொரு நாளும் அளவுக்கு மீறிய அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்பதும் அதே ஆய்வு சொல்லும் உண்மை. பயனாளிக் கணக்கு கோடிகளில் ஏறும்போது கட்டுப்பாட்டுக் கணக்கு ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரப் பட்டையில் துறைமுகம், மீன்பிடித் துறை, ஆலைகள், அனல்மின் நிலையம், கண்டெய்னர் கிடங்குகள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. அரசின் ஆரம்ப சுகாதாரக் கட்டமைப்பு எதைச் சாதிக்கும், எங்கே நின்றுவிடும் என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது.

முதலில் சாதனையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரே நாளில் வந்ததல்ல. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்கி, தரம் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையை நிலைநிறுத்தியது. பிரஷர் மாத்திரை என்பது ஒருநாள் கொடுத்து மறுநாள் நிறுத்தும் மருந்தல்ல. ஆயுள் முழுவதும் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். மருந்து இருப்பு அறுந்தால் மற்ற எல்லாம் வீண். வடமாநிலங்கள் பலவும் பின்னாளில் இந்த முறையைப் படிக்க வந்ததற்குக் காரணம் இருந்தது. பிறகு 2007-ல், உலக வங்கி உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ரத்த அழுத்தத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிக்கும் முன்னோடி முயற்சி தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்க்கென்றே தனிச் செவிலியர் உட்கார்ந்தார். மக்கள் அவரை ‘என்.சி.டி. சிஸ்டர்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

2020 கொரோனா ஊரடங்கில் ராயபுரம் மண்டலம் சென்னையின் மிகக் கடுமையான தொற்றுப் பகுதியாக இருந்தது. மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போவதே ஆபத்தான காலம் அது. மறு ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் கையில் பிரஷர் கருவியும் சர்க்கரை அளக்கும் கருவியும் கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். முழங்கால் வலியால் மாடிப்படி இறங்க முடியாத ஒரு மூதாட்டிக்கும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட முதியவருக்கும் இது பெரிய விடுதலை. அரை நாள் வரிசையில் நிற்கும் சிரமமும், ஆட்டோச் செலவும், துணைக்கு வரும் மகளின் ஒரு நாள் கூலியும் மிச்சம். உடல்நலத்துக்காக ஏழைகள் இழக்கும் கூலியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட திட்டங்கள் இந்தியாவில் குறைவு. இது அவற்றில் ஒன்று.

ஆனால் வீட்டுக் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் யார்? பகல் நேரத்தில் முதியவர்களும், வேலைக்குப் போகாத பெண்களும்தான். வடசென்னையின் நாற்பது வயது ஆண், கதவு திறக்கும் நேரத்தில் துறைமுகத்தில் சுமை இறக்கிக்கொண்டிருப்பார். இல்லை, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரியின் ஸ்டியரிங் முன்னால் மணிக்கணக்கில் காத்திருப்பார். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர் பல நாட்கள் கரை திரும்பவே மாட்டார். பெண்களும் விதிவிலக்கல்ல. மீன் ஏலத்துக்கு விடியுமுன்னே கிளம்பி, கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம் வீடு திரும்பும் பெண்ணுக்குப் பிரஷர் பார்க்க யாருக்கும் நேரம் அமைவதில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் வேலை செய்யும் வயதிலேயே தாக்கும்போது, குடும்பத்தின் வருமானம் ஒரே நாளில் நின்றுபோகிறது. நோய் யாரை அதிகம் சேதப்படுத்துமோ அவரைத்தான் திட்டம் சந்திக்கத் தவறுகிறது.

இதை அரசும் உணராமல் இல்லை. 2023 ஜூனில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்குமாறு அமைக்கப்பட்டன. மாலை நேரம் என்பது உழைப்பவர்களுக்கான நேரம்; சரியான முடிவு. 2024-ல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வேலையிடங்களுக்கே பரிசோதனையைக் கொண்டுபோனது. திசை சரிதான். ஆனால் முகாம் என்பது ஒருநாள் நிகழ்ச்சி. தொழிற்சாலை வாசலில் ஒருவருக்கு 170/100 என்று கண்டுபிடித்துவிட்டு, ‘பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுப்பது சிகிச்சையின் தொடக்கம்கூட ஆகாது. அவர் அடுத்த மாதம் வந்தாரா, மாத்திரை சாப்பிட்டாரா, இரண்டாம் முறை அளந்தபோது எவ்வளவு என்பதை யாராவது ஒருவர் பொறுப்பாகக் கேட்டால்தான் அது மருத்துவம்.

இனி மருத்துவமனைக்குள் நடப்பதைப் பார்க்கலாம். பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அளவீட்டிலிருந்தே தொடங்கலாம். ரத்த அழுத்தம் அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது, இரண்டு முறையாவது அளக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட முறை. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நெரிசலான ஓ.பி.யில், வெயிலில் நடந்துவந்து வரிசையில் நின்றவரை அப்படியே உட்காரவைத்து ஒரு முறை அமுக்கிப் பார்த்து எழுதும் எண்ணை நம்பி யாருக்கு மருந்தைக் கூட்டுவது? அந்தச் சந்தேகம் மருத்துவருக்கே வருகிறது. ‘கூட்டத்தில் வந்ததால் ஏறியிருக்கும், அடுத்த முறை பார்க்கலாம்’ என்று பழைய மருந்தையே எழுதிவிடுகிறார். அடுத்த முறையும் அதே கூட்டம், அதே சந்தேகம். இப்படியே ஒருவர் 150-க்கும் 160-க்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் ‘தொடர் சிகிச்சையில்’ இருந்துவிட முடியும். பதிவேட்டில் அவர் தவறாமல் மருந்து வாங்கும் நல்ல நோயாளி.

மருந்து மாற்றத் தயங்கும் இந்தப் பழக்கம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இதற்கு எதிராகத்தான் ‘இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி’ 2017-ன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், மத்திய சுகாதார அமைச்சகம், உலக சுகாதார நிறுவனம், மாநில அரசுகள் எல்லாம் கைகோத்த முயற்சி. அதன் அடிப்படை எளிமையானது. மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறினாலும், ஒரே படிவரிசை: முதலில் அம்லோடிபின் 5 மில்லிகிராம், ஒரு மாதம் கழித்தும் 140/90-க்குக் கீழே இறங்காவிட்டால் டெல்மிசார்டன் சேர், அப்போதும் இறங்காவிட்டால் அளவைக் கூட்டு, பிறகு சிறுநீர் பெருக்கி ஒன்றைச் சேர். யோசிக்க வேண்டிய சிக்கலான நோயாளிகள் மருத்துவரிடம். மற்றவர்களுக்கு வரிசைப்படி போனால் போதும். கூடவே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையமும் ‘எத்தனை பேர் பதிவு’ என்று மட்டுமல்லாமல் ‘எத்தனை பேருக்குக் கட்டுப்பட்டது, எத்தனை பேர் வரவே இல்லை’ என்றும் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த முயற்சியில் பதிந்து சிகிச்சை பெறுபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. 2022-ல் அதற்கும் ஐ.நா. விருது கிடைத்தது. பதிந்தவர்களில் பாதி என்பதும் மாநிலத்தின் மொத்த நோயாளிகளில் 17 சதவீதம் என்பதும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவையல்ல. ஒன்று உள்ளே வந்தவர்களின் கணக்கு, மற்றொன்று வராதவர்களையும் சேர்த்த கணக்கு. என்றாலும், படிவரிசையும் காலாண்டுக் கணக்கும் இருக்கும் இடத்தில் மருந்து மாறுகிறது என்பது தெளிவு.

இதற்கு இன்னும் பழைய, இன்னும் பக்கத்துச் சான்று ஒன்று உண்டு. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தொடங்கிய ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’, 1990-களில் சென்னைக்கு வெளியே உள்ள கிராமங்களில் ஒரு துணிச்சலான சோதனை செய்தது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்கவைத்தார்கள். நோய் கண்டவர்களுக்கு ரிசர்பின் போன்ற, அன்று பலரும் கைவிட்டுவிட்ட, மிக மலிவான பழைய மாத்திரைகள். செலவு, மொத்த மக்கள் தொகையைக் கணக்கிட்டால், தலைக்கு ஆண்டுக்குக் கால் டாலரைச் சற்றுத் தாண்டியது. சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்ததாக அவர் சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார். விலையுயர்ந்த மருந்தோ பெரிய கட்டடமோ அங்கே இல்லை. வீட்டுக்கு வந்த பெண் அளந்த எண்ணை மருத்துவர் பார்த்தார். எண் இறங்காவிட்டால் மருந்தை மாற்றினார். அவ்வளவுதான். அளப்பவருக்கும் மருந்து மாற்றுபவருக்கும் இடையே அறுபடாத தொடர்பு இருந்தது.

இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் கிராமங்களில் நடந்து 2020-ல் வெளியான ‘கோப்ரா’ ஆய்வும் இதையே உறுதிசெய்தது. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போவதோடு, பயிற்சி பெற்ற மருத்துவரோடும் பொதுச் சுகாதார அமைப்போடும் அந்த வருகை பிணைக்கப்பட்டது. அங்கே மேல் அளவு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சராசரியாக 5 புள்ளிக்கு மேல் கூடுதலாக இறங்கியது. இலங்கையிலேயே 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வு, மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகத் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் 70 சதவீதத்தினருக்குக் கட்டுப்பட்டது; வழக்கமான முறையில் 55 சதவீதம். படிப்படியாக ஏறுவதற்குள் நோயாளி காணாமல் போய்விடுகிறார் என்ற வடசென்னைச் சிக்கலுக்கு இந்தக் கூட்டு மாத்திரை நேரடியான பதில். உலக சுகாதார நிறுவனம் இரு மருந்துக் கூட்டு மாத்திரைகளை 2019-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

வீடு தேடி வரும் திட்டத்தின் இன்றைய நிலையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்று விளங்கும். தன்னார்வலர் மாத்திரையைக் கொண்டுவருகிறார், அழுத்தத்தையும் அளக்கிறார். எண் கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்கிறார். போக முடியாதவர் என்பதால்தானே வீட்டுக்கு வந்தது? அவர் போகமாட்டார். அடுத்த மாதமும் அதே பழைய மாத்திரைதான் வரும். மாத்திரையின் பயணத்தைக் குறைத்த திட்டம், முடிவின் பயணத்தைக் குறைக்கவில்லை. தன்னார்வலரின் எண் அன்றே மருத்துவரின் கண்ணுக்குப் போய், மருத்துவர் தொலைபேசியில் பேசி, மாற்றிய மருந்து அடுத்த வருகையில் கைக்கு வர வேண்டும். இதற்குத் தேவையான கருவியும் ஆளும் ஏற்கெனவே களத்தில் இருக்கிறார்கள். அந்த ஆளுக்குத் தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்ததும் ஒரு குறைதான். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் நோய் விவரத்தைத் தலையில் சுமக்கும் வேலைக்கு அது கூலியே அல்ல. அனுபவம் சேர்ந்தவர் இதைவிட நல்ல சம்பளம் கிடைத்ததும் போய்விட்டால், தெருவோடு இருந்த நம்பிக்கையும் அவரோடு போய்விடும்.

படிவரிசைக்கும் குறைகள் உண்டு. அதை வேதமாக்கிவிடக் கூடாது. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். ‘கிட்னி போச்சு’ என்று பயந்து அவர்கள் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். இன்னொரு பிரஷர் மாத்திரையான எனலாப்ரில் வறட்டு இருமல் தரலாம். மணலி, எண்ணூர்க் காற்றில் ஏற்கெனவே இருமுபவர் அதை மருந்தின் விளைவு என்று அறியவே மாட்டார். சிறுநீர் பெருக்கிதான் மிகக் கவனமாகக் கையாள வேண்டியது. மே மாத வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே வியர்த்துக் கொட்டி வேலை செய்பவருக்கு உடலின் நீரும் உப்பும் மேலும் குறைந்தால் தலைசுற்றல் வரும். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத பெண்ணும், நகராத வரிசையில் மாட்டிய லாரி ஓட்டுநரும் அந்த மாத்திரையைச் சாப்பிடாமல் இருப்பது அறியாமையால் அல்ல. எந்த நேரத்தில் சாப்பிடலாம், வேலை நாளில் என்ன செய்யலாம் என்று ஒருவர் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் மாத்திரை நிற்காது. அந்த இரண்டு நிமிடம் இன்றைய ஓ.பி.யில் கிடைப்பதில்லை. இதோடு, டெல்மிசார்டன் வகை மருந்துகளைத் தொடர்பவர்களுக்கு கிரியாட்டினின், பொட்டாசியம் சோதனை அவ்வப்போது தேவை. மருந்து வீட்டுக்கு வருகிற அளவுக்கு ரத்தப் பரிசோதனை வீட்டுக்கு வருவதில்லை.

பதிவேடுகள் பிரிந்துகிடப்பது இன்னொரு சேதம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகிறார், அது தொழிலாளர் நலத் துறையின் கீழ் வருகிறது. மாநகராட்சி மையம் வேறு நிர்வாகம், ஸ்டான்லி மருத்துவமனை வேறு. ஒப்பந்தம் முடிந்து வேலை போனால் ஈ.எஸ்.ஐ.யும் போய்விடும், அவர் மாநகராட்சி மையத்தில் புது நோயாளியாக, முதல் படியிலிருந்து, மறுபடியும் தொடங்க வேண்டும். பலர் தொடங்குவதில்லை. பழைய சீட்டை மெடிக்கல் ஷாப்பில் காட்டிப் பத்து மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். காசு இல்லாத வாரம் அதுவும் இல்லை.

மருத்துவமனையால் தீர்க்க முடியாதவையும் இருக்கின்றன. அவற்றை நோயாளியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ‘உப்பைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், டென்ஷன் ஆகாதீர்கள்’ என்ற மூன்று அறிவுரைகள் எல்லா ஓ.பி.யிலும் கேட்கும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த சாப்பாட்டில் அது எளிதில் தாண்டிவிடும் என்பது உண்மைதான். அறிவுரை தேவை. ஆனால் கண்டெய்னர் லாரிகள் உரசிப் போகும் சாலையோரத்தில் எங்கே நடப்பது? நுண்துகள் மாசு நீண்ட காலம் சூழ்ந்த இடத்தில் ரத்த அழுத்தமும் ஏறுகிறது என்று டெல்லியில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2023 டிசம்பரில் மட்டும் எண்ணூர் மக்கள் மிக்ஜாம் வெள்ளத்தையும், முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்க் கசிவையும், மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவு அமோனியாக் கசிவையும் அடுத்தடுத்துச் சந்தித்தார்கள். அவர்களிடம் ‘டென்ஷன் ஆகாதீர்கள்’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. மாசைக் குறைப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலையாகவும், நடைபாதை அமைப்பது மாநகராட்சியின் வேலையாகவும் இருக்கையில், சுகாதாரத் துறை குறைந்தபட்சம் அந்தத் துறைகளிடம் தன் நோயாளிகளின் கணக்கை எடுத்துக்காட்டிக் கேட்கலாம்.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டின் விசைப்படகுத் தொழிலாளர்கள் ஒட்டுமொத்தமாகக் கரையில் இருக்கும் காலம் அது ஒன்றுதான். படிவரிசையின் இரண்டு படிகளை ஏறிப் பார்க்க இரண்டு மாதம் போதும். தடை தொடங்கும் வாரத்தில் துறைமுகத்திலேயே அளந்து மருந்து தொடங்கி, மாதம் ஒருமுறை அளந்து மாற்றி, படகு கிளம்பும்போது பல வாரங்களுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பலாம். லாரிகள் காத்திருக்கும் துறைமுக வாசல்களில் ஒருநாள் முகாமுக்குப் பதிலாக நிரந்தரமான ஒரு மேசையும் ஒரு செவிலியரும் போதும். ஒவ்வொரு நலவாழ்வு மையத்தின் வாசலிலும் பயனாளிகள் எத்தனை பேர் என்பதற்குப் பக்கத்தில், இந்தக் காலாண்டில் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்றும் எழுதிவைக்க வேண்டும். வார்டு உறுப்பினர்கள் மன்றக் கூட்டத்தில் அந்த எண்ணைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் மருந்தை வாங்கி, சோதித்து, வீடு வரை சேர்க்கத் தெரிந்த மாநிலத்துக்கு இவையெல்லாம் முடியாத காரியங்கள் அல்ல.

அதுவரை, மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரும், அவர்களை அழைத்துப் போகும் மகனும் மகளும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை போகும்போது அளக்குமுன் ஐந்து நிமிடம் உட்கார இடம் கேளுங்கள். எண்ணைச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு முறை 140/90-க்கு மேல் இருந்தால், ‘டாக்டர், மருந்தை மாற்ற வேண்டுமா?’ என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.